விலை குறைந்த நேர்க்கத்தி வாங்கலாமா? தேர்வு முதல் தீட்டுதல் வரை

எட்டு வருடத்துக்கு முன் ஆன்லைனில் 600 ரூபாய்க்கு ஒரு கத்தி வாங்கினேன். முதுகில் ரம்பப் பல், கைப்பிடியின் மூடியில் திசைகாட்டி, குடைந்த கைப்பிடிக்குள் தீக்குச்சி, தூண்டில் முள், நூல். படத்தைப் பார்த்தால் காட்டில் ஒரு மாதம் தாக்குப்பிடிக்கலாம் போலிருந்தது. தோப்பில் நாலாவது நாள் ஒரு இளநீரின் தலையைச் சீவப் போனேன். அலகு தனியாகவும் கைப்பிடி தனியாகவும் வந்தன. அலகைக் கைப்பிடியோடு பிணைத்திருந்தது விரல்நீளம்கூட இல்லாத ஒரு திருகாணி. திசைகாட்டி மட்டும் இன்னும் வேலை செய்கிறது.

அதே வருடம் 250 ரூபாய்க்குப் பட்டறையில் அடித்து வாங்கிய கத்தி இன்றும் என் மோட்டார் அறையில் தொங்குகிறது. ஆகவே "மலிவான கத்தி வாங்கலாமா" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விலையை எங்கே குறைத்தார்கள்? பளபளப்பில், பெட்டியில், உறையின் தோலில் குறைத்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். இரும்பிலும் தோய்ச்சலிலும் (அலகைச் சூடாக்கி முக்கிக் கெட்டியாக்குவது) குறைத்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இதைக் கண்டுபிடிப்பது எப்படி, வாங்கியபின் அந்தக் கத்தியைக் கத்தியாக்குவது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

நேர்க்கத்தி என்று நான் சொல்வது மடக்க முடியாத, உறையில் செருகி வைக்கும், நாலைந்து அங்குல அலகுள்ள பொதுவேலைக் கத்தியை. அரிவாளும் சமையல் கத்தியும் இதில் சேராது.

படி 1: எதை வெட்டப் போகிறீர்கள்?

நான் பட்டறைக்குப் போய் "ஒரு நல்ல கத்தி வேணுங்க" என்றதும் ஆசாரி உலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "என்னத்தைங்க வெட்டோணும்? அதச் சொல்லுங்க மொதல்ல. கோழி அறுக்கவா, ஓலை கழிக்கவா?"

கடையில் யாரும் கேட்காத கேள்வி அது. சாக்குச் சணல், சொட்டுநீர்க் குழாய், வாழை நார், அட்டைப்பெட்டி, நைலான் கயிறு, கொடி, சின்னக் கிளை, மின்கம்பியின் மேல்தோல் என்று உங்கள் வேலை இருந்தால், சுமார் 10 செ.மீ. அலகும் 2 முதல் 3 மி.மீ. முதுகுத் தடிப்பும் போதும். இந்த இடத்தில் மலிவான நேர்க்கத்தி விலைக்கு மேல் உழைக்கும்.

மட்டை கழிப்பது, இளநீர் சீவுவது, விறகு பிளப்பது என்றால் அது அரிவாள் வேலை. என்ன விலைக் கத்தியானாலும் செய்யாது. அரிவாளின் எடைதான் அங்கே பாதி வேலையைச் செய்கிறது. 100 கிராம் கத்தியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. என் 600 ரூபாய்க் கத்தி உடைந்ததில் பாதிக் குற்றம் என்னுடையதுதான்.

மடக்குக்கத்தியா, நேர்க்கத்தியா என்ற விவாதத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். சட்டைப்பையில் வைக்க மடக்குக்கத்தி, மற்ற எல்லாவற்றுக்கும் நேர்க்கத்தி. மலிவு விலையில் மடக்குக்கத்தியின் பூட்டும் கீலும்தான் முதலில் தளரும். நேர்க்கத்தியில் தளர அப்படி ஒரு பாகமே கிடையாது. சேறும் மண்ணும் போனாலும் ஒரு சொம்பு தண்ணீரில் கழுவிவிடலாம்.

படி 2: விலை எங்கே குறைந்தது என்று பாருங்கள்

குறைந்த விலையிலும் நல்ல கத்தி செய்ய முடியும் என்பதற்கு உலகம் முழுக்கக் காட்டும் உதாரணம் ஸ்வீடனின் மோரா கத்தி. டாலார்னா மாகாணத்தில் மோரா என்ற ஊர். அதன் சுற்றுவட்டாரத்தில், முக்கியமாக ஓஸ்ட்னோர் கிராமத்தில், கத்தி செய்வது பல தலைமுறைத் தொழில். 1891-இல் ஃப்ரோஸ்ட்ஸ், 1912-இல் கே.ஜே. எரிக்சன் என்று தொடங்கிய இரண்டு பட்டறைகள் தொழிற்சாலைகளாக வளர்ந்து 2005-இல் ஒன்றாயின. இன்று மோராக்னிவ் என்ற பெயரில் விற்கிறார்கள். அந்த ஊர்த் தச்சரும் மின்பணியாளரும் மீனவரும் இடுப்பில் செருகிக்கொள்ளும் சாதாரண வேலைக் கத்தி அது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் பொருள் இல்லை.

அவர்களுடைய கம்பேனியன் மாடலைப் பிரித்துப் பார்த்தால் சிக்கனம் எங்கே நடந்தது என்று தெரிந்துவிடும். உறை வெறும் பிளாஸ்டிக். கைப்பிடி அச்சில் வார்த்த பிளாஸ்டிக், மேலே பிடிமானத்துக்கு ரப்பர் போன்ற பூச்சு. அலகு உருட்டிய தகட்டிலிருந்து எந்திரம் வெட்டியது. கைப்பிடிக்குள் போகும் இரும்பு கடைசிவரை போவதில்லை, பாதியைத் தாண்டி நின்றுவிடுகிறது. மெருகு கிடையாது. ஆனால் இரும்பில் கைவைக்கவில்லை. துருப்பிடிக்காத வகையில் 12சி27 என்ற எஃகு, சுமார் 0.6 சதவீதம் கரி (கார்பன், கெட்டித்தன்மை தருவது), 13.5 சதவீதம் குரோமியம். தோய்ச்சல் ஒவ்வொரு கத்திக்கும் ஒரே சீராக, கெட்டித்தன்மையை அளக்கும் ராக்வெல் சி அளவில் 56-லிருந்து 58 வரை வருகிறது. அலகு சுமார் 10 செ.மீ., முதுகு 2.5 மி.மீ. உறையோடு சேர்த்தும் எடை சுமார் 120 கிராம்தான்.

சாதாரணக் கத்தியில் வெட்டும் விளிம்பான வாயருகே இரண்டாவதாக ஒரு சின்னச் சரிவு இருக்கும். இந்த வகையில் அது இல்லை. அலகின் நடுவிலிருந்து வாய்வரை ஒரே தட்டையான சரிவு. ஸ்காண்டி சரிவு என்பார்கள். எந்திரத்துக்கும் வேலை குறைவு. தீட்டத் தெரியாதவர் கையிலும் கெடாது, காரணம் படி 5-இல் வரும்.

எந்த நாட்டு, எந்தக் கடைக் கத்தியானாலும் இதே முறையில் பிரித்துப் பாருங்கள். எஃகின் பெயரைச் சொல்லியிருக்கிறார்களா? "உயர்தர ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, எவர்சில்வர் டம்ளரும் ஸ்டெயின்லெஸ்தான். 3சிஆர்13 என்று போட்டிருந்தால் கரி 0.3 சதவீதம் அளவில்தான் இருக்கும். துருப்பிடிக்காது, ஆனால் கூர் நிற்காது. 8சிஆர்13எம்ஓவி என்றால் 0.8 சதவீதத்தை ஒட்டி வரும், தோய்ச்சல் சரியாக இருந்தால் நல்ல இரும்பு.

முதுகில் ரம்பம், அலகில் ஓட்டை, கைப்பிடியில் திசைகாட்டி, கறுப்புப் பூச்சு, கூடவே ஒரு விசில் என்று 500 ரூபாய்க்குள் எல்லாம் கொடுத்தால், இரும்புக்கு மிஞ்சியது என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். "டமாஸ்கஸ்" என்று அலையலையாகக் கோலம் போட்டு அடிமாட்டு விலைக்கு வருவதும் இந்த இனம்தான். அந்த அலைகளில் பெரும்பாலானவை மேலே பொறித்த படம், நாலு முறை தீட்டினால் போய்விடும். ஒரு காலத்தில் டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கித் தந்த உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது. எங்கள் பக்கத்துக் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு லேசர் கோலத்துக்குப் பணம் கட்டுவது எனக்கு வயிற்றெரிச்சல்.

படி 3: துருப்பிடிக்கும் இரும்பா, பிடிக்காததா?

மோராவிலேயே இரண்டும் உண்டு. கரி எஃகு சுமார் 1 சதவீதம் கரியோடு இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், கல்லில் சீக்கிரம் கூராகும், விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் வியர்வைக் கையோடு உறையில் போட்டு மறந்தால் மறுநாள் காலையில் செம்புள்ளி தெரியும்.

கடற்கரை ஊர்க்காரர்கள், மீன் வேலை செய்பவர்கள், கத்தியைத் துடைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் யோசிக்காமல் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். உள்நாட்டில் இருந்து, தினமும் கத்தியைக் கையில் எடுப்பவரானால் கரி எஃகு சுகம். மாங்காயோ எலுமிச்சையோ வெட்டியதும் அலகு சாம்பல் நீலமாகக் கறுத்தால் பயப்படாதீர்கள். அந்தக் கறுப்பு செந்துருவை ஓரளவு தடுக்கும். அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது வீட்டில் பெரியவர்கள் செய்யும் தப்பு. பித்தளைக்குப் பொருந்தும், கத்திக்குப் பொருந்தாது.

படி 4: கையில் எடுத்துச் சோதியுங்கள்

கடையில் வாங்கினால் அங்கேயே, ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

கத்தியின் வாயை மேலே வைத்து, ஒரு விளக்கின் நேர் கீழே பிடித்து, முனையிலிருந்து அடிவரை பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, கறுப்புக் கோடாகத் தெரியும். எங்கே வெள்ளிப் புள்ளி மின்னுகிறதோ அங்கே மழுங்கல் அல்லது பல்லை (சின்ன உடைசல்). ஒன்றிரண்டு இருந்தால் தீட்டிக்கொள்ளலாம். வாய் முழுக்க மின்னினால் சரிவே ஒழுங்காக அமையவில்லை.

பிறகு துப்பாக்கி குறிபார்ப்பது போல முதுகை ஒரு கண்ணால் நோக்குங்கள். அலகு ஒரு பக்கமாக வளைந்திருந்தால் தோய்ச்சலின்போது திருகியிருக்கிறது. வேண்டாம்.

முனையை ஒரு மரக்கட்டையில் கால் அங்குலம் இறக்கி, கைப்பிடியை மெல்ல இருபுறமும் அசைத்துப் பாருங்கள். "டக்" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால்கூட உள்ளே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். நாளைக்கு அதில் தண்ணீர் இறங்கும், இரும்பு உள்ளேயே துருவாகும்.

கெட்டித்தன்மைக்கு ஒரு பழைய சோதனை உண்டு. நல்ல அரத்தின் ஓரத்தை, வாயில் படாமல், கைப்பிடியை ஒட்டிய அலகின் விளிம்பில் லேசாக இழுங்கள். வெண்ணெய் போலக் கடித்துச் சுரண்டினால் தோய்ச்சல் பலவீனம். கண்ணாடியில் வழுக்குவது போலச் சறுக்கினால் அளவுக்கு மீறிக் கெட்டி, சீக்கிரம் பல்லை விழும். கொஞ்சம் வழுக்கி, கொஞ்சம் கடித்தால் சரி. கடைக்காரர் முன்னால் இதைச் செய்ய முடியாது, பட்டறையில் தாராளமாகச் செய்யலாம்.

உறையை மறந்துவிடாதீர்கள். மலிவுக் கத்தியால் வரும் காயங்களில் உறையின் பங்கு பெரிது. கத்தியைச் செருகி, தலைகீழாகப் பிடித்து, இரண்டு முறை உதறுங்கள். விழுந்தால் அந்த உறை இடுப்புக்கு ஆகாது. மெல்லிய துணி உறையாக இருந்தால் முனை எந்த நேரமும் தொடையைத் தேடி வரும். அப்படிப்பட்ட கத்தி ஒன்று எனக்குப் பிடித்துப்போனபோது, அரை அங்குல பி.வி.சி. குழாயைச் சூடாக்கி நசுக்கி நானே உறை செய்துகொண்டேன். பார்க்க அசிங்கம், ஆனால் கத்தி நகராது.

பட்டறைக்குப் போவதானால்

இறக்குமதிக் கத்தி இங்கே வந்து சேரும்போது சுங்கமும் கமிஷனும் ஏறி, அங்கே மலிவாக இருந்தது இங்கே மலிவாக இருப்பதில்லை. அந்த நேரத்தில் பக்கத்து ஊர்ப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பாச்சேத்தி மாதிரி அரிவாளுக்குப் பேர்போன ஊராக இருக்க வேண்டும் என்றில்லை.

பெரும்பாலான ஆசாரிகள் எடுப்பது பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. கரி 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த இரும்பு, எளிதில் உடையாது. ஒரே சந்தேகம், ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு இருக்கலாம். வெட்டும் முன் பட்டையைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். மணிபோல ஒலித்தால் நல்லது. மொத்தையாக ஒலித்தால் வேறு துண்டு எடுக்கச் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, முதுகு 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கைப்பழக்கத்தில் அரிவாள் தடிப்புக்கு அடித்துவிடுவார்கள், அப்புறம் அது தக்காளியை நசுக்கும், சணலை வெட்டாது. இரண்டு, தோய்ச்சல் எண்ணெயில் வேண்டும். இந்த இரும்பை மெல்லிய அலகாக அடித்துத் தண்ணீரில் முழுக்கினால் வெடிக்கும் அபாயம் உண்டு. சரியான சூட்டுக்கு ஒரு காந்தம் போதும். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்குக் கொஞ்சம் மேலே ஏற்றி எண்ணெயில் இறக்க வேண்டும். எங்கள் ஆசாரிக்குக் காந்தம் தேவைப்படவில்லை. பட்டறையின் இருட்டு மூலையில் நிறத்தைப் பார்த்தே இறக்கினார். பிறகு அலகை லேசாகத் தேய்த்து, மறுபடி மெல்லச் சூடாக்கி, வைக்கோல் நிறம் படரும்போது நிறுத்தினார். அந்த இரண்டாவது சூடு இல்லாவிட்டால் கத்தி கண்ணாடி போல உடையும்.

கைப்பிடிக்குள் போகும் இரும்பைக் கடைசிவரை விடச் சொல்லுங்கள். மரக் கைப்பிடியானால் அலகு நுழையும் இடத்தில் பூண் இறுக்கமாக இருக்கட்டும்.

படி 5: முதல் நாளே தீட்டுங்கள்

மலிவுக் கத்தியில் கடைசியாக மிச்சம் பிடிப்பது தீட்டுவதில்தான். எந்திரத்தில் ஓரிரு இழுப்பு இழுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே நீங்கள் போடும் அரைமணி நேரம், கத்தியின் மதிப்பை இரண்டு மடங்காக்கும்.

ஒரு பக்கம் 400 (சொரசொரப்பு), மறுபக்கம் 1000 (வழவழப்பு) என்ற அளவுள்ள இருமுகக் கல் ஒன்று வாங்குங்கள். கத்திக்கு 500 ரூபாய் ஒதுக்கியிருந்தால் கல்லுக்கும் அதே அளவு ஒதுக்குவேன் நான். கல்லைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அடியில் ஈரத்துணி போட்டு நகராமல் வையுங்கள்.

ஸ்காண்டி சரிவானால் கோணம் பற்றி யோசிக்கவே வேண்டாம். சரிவை அப்படியே கல்மேல் படுக்க வையுங்கள், தட்டையாக ஒட்டிக்கொள்ளும். கோணத்தைக் கல்லே சொல்லிவிடும். மற்றக் கத்தியானால், செங்குத்தாக நிறுத்தி, அதில் பாதி சாய்த்து, அதிலும் பாதி சாய்த்தால் 20 டிகிரியை ஒட்டி வரும். அதே சாய்வை விடாமல் பிடிப்பதுதான் பயிற்சி.

சொரசொரப்புப் பக்கத்தில் ஒரே பக்கமாக, வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள். அழுத்தம் வேண்டாம். பத்துப் பதினைந்து தள்ளுக்கு ஒருமுறை மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கிக் குறுக்காக நகர்த்திப் பாருங்கள். நீளவாக்கில் ஒருபோதும் வேண்டாம். நகத்தில் ஏதோ தட்டுப்படுவது போல ஒரு மெல்லிய பிசிறு, அடியிலிருந்து முனைவரை தெரிந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. பிசிறு வராமல் பக்கம் மாற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் கல்லைத் தேய்த்தேனே தவிரக் கத்தியைத் தீட்டவில்லை.

மறுபக்கமும் அதேபோல. பிறகு வழவழப்புப் பக்கத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போகும்படி இருபது இழுப்பு. செய்தித்தாளைத் தொங்கவிட்டு மேலிருந்து இறக்குங்கள். கிழிக்காமல் வெட்டினால் முடிந்தது.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுங்கள், இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். சுழலும் கல்லில் மெல்லிய வாய் நொடியில் சூடேறும். நீல நிறம் படர்ந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது, எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அவர் கையில் கெட்டிக்காரத்தனம் இல்லை என்று சொல்லவில்லை, கல் அப்படி.

படி 6: பராமரிப்பு, செய்யக்கூடாதவை

வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, காயவிட்டு, பிறகு உறை. உணவில் படும் கத்திக்கு ஒரு துளி தேங்காய் எண்ணெய், தோட்டக் கத்திக்குத் தையல் மெஷின் எண்ணெய். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் மழைக்காலத்தில் கரி எஃகை அதற்குள் வைத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

பெயின்ட் டப்பா மூடியை நெம்பாதீர்கள், முனை போகும். கைப்பிடிக்குள் பாதிவரை மட்டும் இரும்பு போகும் கத்தியின் முதுகில் சுத்தியலால் அடித்து விறகு பிளக்காதீர்கள். குழாயைத் தொடைமேல் வைத்து வெட்டாதீர்கள். உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

சமையலறைக்கும் இதைக் கொண்டு போக வேண்டாம். தடித்த முதுகும் ஒரே சரிவும் கேரட்டை வெட்டாது, ஆப்பு மாதிரிப் பிளக்கும். அங்கே நூறு ரூபாய் மெல்லிய காய்கறிக் கத்தியே ராஜா.

படி 7: வாங்கி வரும் வழி

இந்திய ஆயுதச் சட்ட விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுதான் ஆயுதக் கணக்கில் வருகிறது. வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவைக்கு அதிலும் விலக்கு உண்டு. நாம் பேசும் நாலு அங்குலக் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றால் போலீஸ்காரர் அங்குலக்கோலை எடுத்து அளக்கப் போவதில்லை. உறையில் போட்டு, மற்றச் சாமான்களோடு பையின் அடியில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, ஏற்றிவிடும் பெட்டியில் மட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மோராவின் சொந்த நாடான ஸ்வீடனிலேயே, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருக்க 1988-ஆம் வருடச் சட்டம் தடை போடுகிறது.

பட்டறையில் பெயர், முகவரி, எதற்கு என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். வாங்குபவர் விவரத்தைக் குறித்து வைக்கும்படி 2021-இல் தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்குச் சொல்லியிருக்கிறது. எங்கள் ஆசாரி நோட்டை நீட்டியபோது, "எதற்கு" என்ற கட்டத்தில் நான் "தோட்ட வேலை" என்று எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தில் "இளநீர் சீவ அல்ல" என்று சேர்த்துக்கொண்டார்.